சமூகம் எங்கே இருக்கிறது? தற்காலச் சமூகவியல் கோட்பாட்டுக்கு ஓர் எளிய அறிமுகம்

பிரான்சின் தென்மேற்கு மூலையில், பிரனீஸ் மலையடிவாரத்தில் பெயார்ன் என்றொரு விவசாயப் பகுதி இருக்கிறது. அங்கே ஒரு சிற்றூரில் கிறிஸ்துமஸ் நடன இரவு. கூடத்தின் நடுவில் இளம் ஜோடிகள் அப்போதைய புதுப் பாணியில் ஆடுகிறார்கள். ஓரத்தில் கறுப்புத் திட்டுப் போல ஒரு கூட்டம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. எல்லாரும் ஆண்கள், முப்பது வயதை ஒட்டியவர்கள். தலையில் பெரே தொப்பி, பழைய பாணியில் தைத்த கருநிற உடுப்பு. ஆட்டத்தில் சேர ஆசைதான். அந்த ஆசையில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்கிறார்கள், ஆடுபவர்களுக்கான இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. ஆனால் அவர்களில் ஒருவரும் ஆடவில்லை. அந்த ஊரில் மணமாகாமல் நின்றுவிட்டவர்கள் அவர்கள்.

இந்தக் காட்சியை 1962-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் எழுதியவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ. அவர் பிறந்து வளர்ந்ததும் பெயார்னில்தான். அந்த ஊர்களில் குடும்ப நிலம் துண்டாகாமல் மூத்த மகனுக்கே போகும். அதனால் ஒரு காலத்தில் மூத்த மகனைவிட நல்ல வரன் கிடையாது. சில பத்தாண்டுகளில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பெண்கள் நகரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். நிலம் யாருக்குக் கிடைத்ததோ அவரை அந்த நிலமே ஊரோடு கட்டிப்போட்டது.

இதுவரை சொன்னது பொருளாதாரம். பூர்தியூ இதோடு நிறுத்தாமல் அந்த ஆண்களின் கால்களைப் பார்த்தார். வயலில் நடந்து பழகிய கனத்த நடை, புது ஆட்டத்தின் வேகத்துக்கு வளையாத உடம்பு. தங்கள் நடையைப் பெண்கள் எந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். தெரிவதால் கூச்சம், கூச்சத்தால் உடம்பு இன்னும் விறைக்கிறது. ஒரு நாட்டுக்கே நேர்ந்த மாற்றம், ஓரத்தில் நிற்கும் ஒரு மனிதனின் முழங்காலில் தெரிகிறது.

சமூகவியல் கோட்பாடு என்றதும் வாயில் நுழையாத சொற்கள் நினைவுக்கு வந்து பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. பெயர்களும் கலைச்சொற்களும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தபோதுதான் எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்தன. ‘சமூகம் ஒத்துக்கொள்ளாது’, ‘சமூகம் மாறிவிட்டது’ என்று நாள்தோறும் சொல்கிறோமே, அந்தச் சமூகம் எங்கே இருக்கிறது? யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. மனிதர்களை மட்டுமே பார்க்கிறோம். ஆனாலும் அது நம்மைத் தடுக்கிறது, தள்ளுகிறது, சில கதவுகளைத் திறக்கிறது, சிலவற்றை அடைக்கிறது. 1960-களுக்குப் பிறகு வந்த முக்கியமான கோட்பாடுகளை இந்த ஒரு கேள்விக்கான வெவ்வேறு பதில்களாகப் படிக்கலாம்.

பழைய பதில்கள் இரண்டு

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1895-ல் சொன்ன பதில்: சமூகம் தனிமனிதருக்கு வெளியே இருக்கிறது. நாம் பிறக்கும் முன்பே மொழி, சட்டம், நாணயம், மதம் எல்லாம் இருந்தன. நாம் போன பிறகும் இருக்கும். மீறினால் அவை நம்மைத் திருப்பி அடிக்கும். எனவே இவற்றையும் கல், மண் போல வெளியே இருக்கும் உண்மைகளாகவே ஆராய வேண்டும் என்றார். ஜெர்மானியரான மாக்ஸ் வெபர் வேறு பக்கத்திலிருந்து வந்தார். மனிதர் தம் செயலுக்கு என்ன பொருள் கொடுக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளாமல் சமூகத்தை விளக்க முடியாது என்பது அவர் நிலை.

இந்த இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய இழுபறியாகின. ஒரு பக்கம் கட்டமைப்பு, அதாவது நமக்கு முன்பே போட்டுவைத்த பாதைகள். இன்னொரு பக்கம் செயலாண்மை, அதாவது நானாக ஒன்றைத் தேர்ந்து செய்யும் திறன். நான் இப்படி இருப்பதற்கு நான் காரணமா, என் சூழல் காரணமா? வேலை கிடைக்காத ஒருவரைப் பார்த்து ‘முயற்சி போதவில்லை’ என்று ஒருவரும், ‘நிலைமை அப்படி’ என்று இன்னொருவரும் சொல்லும்போது இந்த இழுபறியைத்தான் கேட்கிறோம்.

இதில் ஒரு தெளிவைக் கொடுத்தவர் அமெரிக்கரான சி. ரைட் மில்ஸ். 1959-ல் அவர் தந்த எடுத்துக்காட்டு எளிமையானது. 1,00,000 பேர் வாழும் நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லை என்றால் அது அவருடைய சொந்தத் தொல்லை. அவருடைய குணத்தையும் திறமையையும் விசாரிக்கலாம். 5 கோடிப் பேர் வேலை செய்யும் நாட்டில் 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் ஒவ்வொருவரின் குணத்தையும் விசாரித்துப் பயனில்லை. அது பொதுப் பிரச்சினை. சொந்தத் தொல்லைக்கும் பொதுப் பிரச்சினைக்கும் நடுவே போய்வரத் தெரிந்த மனப் பழக்கத்தை அவர் சமூகவியல் கற்பனை என்று அழைத்தார். இந்தத் துறையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

உடம்புக்குள் இறங்கிய சமூகம்

சரி, பூர்தியூவிடம் திரும்புவோம். இங்கே கொஞ்ச நேரம் தங்கலாம். தற்காலச் சமூகவியலில் அதிகம் கையாளப்படும் சொற்களில் பல இவரிடமிருந்து வந்தவை.

முதல் சொல் ஹாபிட்டஸ். தமிழில் பழக்கம் என்று சொன்னால் போதாது. பழக்கம் என்பது குறிப்பிட்ட ஒரு செயலைப் பற்றியது. ஹாபிட்டஸ் என்பது செயல்கள் பிறக்கும் இடம். வளர்ந்த சூழல் நம் உடம்பிலும் உள்ளத்திலும் படிந்து, எது இயல்பு, எது நமக்கானது, எது நமக்கு எட்டாதது என்ற உணர்வாக மாறிவிடுகிறது. எப்படி உட்காருவது, எவ்வளவு சத்தமாகப் பேசுவது, மேலதிகாரி முன்னால் கையை எங்கே வைப்பது என்றெல்லாம் நாம் யோசிப்பதில்லை. யோசிக்காமலே செய்கிறோம். அந்த யோசிக்காமைக்குள்தான் சமூகம் உட்கார்ந்திருக்கிறது என்கிறார் பூர்தியூ.

இரண்டாவது சொல் மூலதனம். பணம் மட்டும் மூலதனம் இல்லை. பண்பாட்டு மூலதனம் உண்டு: பேச்சு நடை, ரசனை, வீட்டிலிருக்கும் புத்தகங்கள், படித்து வாங்கிய பட்டம். சமூக மூலதனம் உண்டு: யாரைத் தெரியும், யார் நமக்காக ஒரு வார்த்தை சொல்வார்கள் என்பது. ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொள்ளலாம். பணம் நல்ல பள்ளியாகும், பள்ளி பட்டமாகும், பட்டம் மறுபடி பணமாகும். ஆனால் பணத்தைக் கைமாற்றும்போது எல்லாருக்கும் தெரிகிறது. பேச்சு நடை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாறும்போது யாருக்கும் தெரிவதில்லை. பார்ப்பவர்கள் அதைப் ‘பிறவித் திறமை’ என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைப் பள்ளியில் தெளிவாகப் பார்க்கலாம். இரண்டு குழந்தைகள் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். ஒரு குழந்தையின் வீட்டில் பேசும் மொழியும் பாடப்புத்தக மொழியும் ஏறக்குறைய ஒன்று. பெரியவர்களோடு எதிர்த்துக் கேள்வி கேட்டுப் பேசி அதற்குப் பழக்கம். இன்னொரு குழந்தைக்குப் பாடமொழி புதிது, பெரியவர்களிடம் அடங்கிப் பதில் சொல்லத்தான் வீட்டில் பழகியிருக்கிறது. ஆசிரியர் நேர்மையானவர், யாரையும் வேறுபடுத்தாதவர். ஆனாலும் முதல் குழந்தை ‘சூட்டிகை’, இரண்டாவது ‘மந்தம்’ என்று அவருக்குத் தோன்றுகிறது. பள்ளி எல்லாருக்கும் ஒரே பாடத்தை நடத்துகிறது. அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளத் தேவையானதைச் சில வீடுகள் மட்டும் முன்கூட்டியே கொடுத்து அனுப்புகின்றன. இதில் மிக வேதனையானது, அந்த இரண்டாவது குழந்தையே ‘எனக்குப் படிப்பு வராது’ என்று நம்பிவிடுவது. யாரும் கை ஓங்காமல், அடிபட்டவரே அந்த அடி நியாயம் என்று ஏற்றுக்கொள்ளும் இந்த நிலைக்குக் குறியீட்டு வன்முறை என்று பெயர்.

ரசனைக்கும் இதே கதைதான். 1979-ல் வெளிவந்த ‘டிஸ்டிங்ஷன்’ என்ற நூலுக்காக 1,217 பேரிடம் அவர் குழு விவரம் திரட்டியது. ஒரு மூதாட்டியின் உழைத்துத் தேய்ந்த கைகளின் புகைப்படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். உடலுழைப்புத் தொழிலாளர்கள் அந்தப் பாட்டியைப் பற்றிப் பேசினார்கள்: பாவம், கை இப்படிக் கோணிப்போய்விட்டதே, எவ்வளவு வேலை செய்திருப்பார். படித்த மேல்தட்டினர் படத்தைப் பற்றிப் பேசினார்கள்: இது உழைப்பின் குறியீடு, ஓவியத்திலும் இலக்கியத்திலும் வரும் ஒரு பாத்திரத்தை நினைவூட்டுகிறது. பார்த்தது ஒரே படம்தான். கைகளை மறந்து கலையைப் பார்க்க ஒருவித வாழ்க்கை வசதி தேவைப்படுகிறது. அந்த வசதி இருப்பவர்களின் பார்வையே ‘உயர்ந்த ரசனை’ என்று பெயர் வாங்குகிறது.

மூன்றாவது சொல் களம். கலை, அறிவியல், அரசியல், இதழியல் ஒவ்வொன்றும் தனி ஆட்டக்களம், ஒவ்வொன்றிலும் செல்லுபடியாகும் மூலதனம் வேறு. ஓவிய உலகில் மதிப்புள்ள பெயர் வங்கியில் செல்லாது. இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, இவ்வளவு தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

பூர்தியூ மீது ஒரு நியாயமான குறை உண்டு. எல்லாம் உடம்பில் படிந்துவிட்டது என்றால் மனிதர் மாறுவது எப்படி? எளிய வீட்டில் பிறந்து பெரிய அறிஞரானவர் அவரே. ஹாபிட்டஸ் தலையெழுத்து இல்லை, புதிய அனுபவங்களால் அதுவும் மாறும் என்று அவர் பலமுறை பதில் சொன்னார். ஆனாலும் அவருடைய நூல்களில் படியும் விதம் விரிவாக வருகிறது, மாறும் விதம் அந்த அளவுக்கு வரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பேசும்போதெல்லாம் புதுப்பிக்கிறோம்

கட்டமைப்பா செயலாண்மையா என்ற கேள்வியே தவறு என்று சொன்னவர் பிரிட்டனைச் சேர்ந்த அந்தோணி கிடன்ஸ். இவருடைய முக்கிய நூல் 1984-ல் வந்தது. மொழியை எண்ணிப் பாருங்கள் என்கிறார். இலக்கணம் நமக்கு முன்பே இருக்கிறது, அதை மீறினால் யாருக்கும் நாம் சொல்வது புரியாது. அந்த வகையில் அது கட்டுப்பாடு. ஆனால் இலக்கணம் இருப்பதால்தான் பேசவே முடிகிறது. அந்த வகையில் அது வசதி. அப்புறம் இன்னொன்று: யாரும் பேசாவிட்டால் அந்த இலக்கணம் செத்துப்போகும். நாம் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் அதை உயிரோடு வைத்திருக்கிறது.

‘நீ’, ‘நீங்கள்’ என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். தமிழில் மட்டுமல்ல, பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழிகளிலும் இந்த இரட்டை உண்டு. யாரை ‘நீ’ என்பது, யாரை ‘நீங்கள்’ என்பது என்ற விதியை நான் உருவாக்கவில்லை. ஆனால் ஒருவரை ‘நீங்கள்’ என்றும், பக்கத்தில் நிற்பவரை ‘நீ’ என்றும் நான் அழைக்கும் அந்த நொடியில் மேல்கீழை நான்தான் இன்னொரு முறை நட்டுவைக்கிறேன். போதுமான பேர் வேறு மாதிரி அழைக்கத் தொடங்கினால் விதியே மெல்ல மாறும். கட்டமைப்பு நம் செயலுக்கு வழியாகவும் இருக்கிறது, நம் செயலின் விளைவாகவும் இருக்கிறது. இதைக் கட்டமைப்பின் இருமை என்கிறார் கிடன்ஸ். சமூகம் எங்கே இருக்கிறது என்று இவரைக் கேட்டால், நீங்கள் இப்போது செய்துகொண்டிருக்கும் செயலில் என்பார்.

மின்தூக்கியில், உணவுக்கூடத்தில், வீட்டில்

எர்விங் காஃப்மன் கனடாவில் பிறந்தவர். பெரிய கட்டமைப்புகளை விட்டுவிட்டு, இரண்டு பேர் எதிரெதிரே வரும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தார். மின்தூக்கியில் முன்பின் தெரியாத நால்வர் ஏறுகிறார்கள். எல்லாரும் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார்கள், மாடி எண்ணைப் பார்க்கிறார்கள். ஏறுபவரை ஒரு கணம் பார்க்கிறோம், நீ இருப்பதைக் கவனித்தேன் என்பதற்காக. உடனே கண்ணை எடுத்துவிடுகிறோம், உன்னால் எனக்குப் பயமும் இல்லை, உன்னை ஆராயும் எண்ணமும் இல்லை என்பதற்காக. எதிரே வரும் வண்டிக்கு முகப்பு விளக்கைத் தாழ்த்துவது போன்ற இந்த மரியாதைக்கு நாகரிகமான கவனியாமை என்று தமிழில் சொல்லலாம். இது எவ்வளவு பெரிய கூட்டுறவு என்பது, யாராவது நம்மை விடாமல் உற்றுப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

காஃப்மனின் புகழ்பெற்ற உருவகம் நாடக மேடை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் தங்கி ஆய்வு செய்தபோது ஒரு விடுதியைக் கவனித்தார். உணவுக்கூடத்தில் எல்லாம் துப்புரவு, பணிவு. சமையலறைக் கதவுக்குப் பின்னால் கொதிக்கும் கெட்டிலின் மேல் ஈரக் காலுறைகள் காய்கின்றன. பாதி தின்று மிஞ்சிய வெண்ணெய் மீண்டும் உருட்டப்பட்டு அடுத்த மேசைக்குப் போகிறது. அந்தக் கதவைத் தாண்டும் நொடியில் பணியாளரின் முகமே மாறுகிறது. முன்மேடை, பின்மேடை என்ற இந்தப் பிரிவு விடுதிக்கு மட்டும் உரியது அல்ல. மருத்துவர்கள், ஆசிரியர்கள், விருந்தினர் வரும் முன் வீட்டை ஒழுங்குபடுத்தும் யாரும் இதில் அடக்கம். எல்லாரும் போலிகள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. காஃப்மனைப் படிப்பவர்கள் முதலில் செய்யும் தவறு இதுதான். நான் யார் என்பதே பிறர் முன்னால், பிறருடைய ஒத்துழைப்போடு, திரும்பத் திரும்ப நடத்திக் காட்டப்படும் ஒன்று என்பதுதான் அவர் சொல்வது. ஒருவர் தடுமாறினால் மற்றவர்கள் பார்க்காதது போல் இருந்து அவர் மானத்தைக் காப்பாற்றுகிறார்கள் அல்லவா, அந்த இடத்தில் காஃப்மனின் சமூகம் இருக்கிறது.

ஹெரால்ட் கார்ஃபிங்கல் ஒரு படி மேலே போய் ஒழுங்கை உடைத்துப் பார்த்தார். தம் மாணவர்களிடம், சொந்த வீட்டில் கொஞ்ச நேரம் வாடகைக்குத் தங்கியவர் போல நடந்துகொள்ளச் சொன்னார். மரியாதையாக, தேவைக்கு மட்டும் பேசி, எதற்கும் அனுமதி கேட்டு. வீட்டார் மகிழவில்லை, ஆடிப்போனார்கள். உடம்பு சரியில்லையா, யார்மேல் கோபம், என்ன ஆயிற்று உனக்கு என்று கேட்டார்கள். இன்னொரு சோதனையில் ‘எப்படி இருக்கிறாய்?’ என்றவரிடம் ‘எந்த வகையில் கேட்கிறாய்? உடல்நலமா, பணநிலையா, படிப்பா, மனநிலையா?’ என்று விளக்கம் கேட்டார்கள். கேட்டவர் சினந்துவிட்டார். அன்றாடம் எவ்வளவு விஷயங்களைச் சொல்லாமலே புரிந்துகொள்கிறோம், அந்தப் புரிதலை எவ்வளவு உழைத்துக் காப்பாற்றுகிறோம் என்பது அந்தக் கோபத்தில் தெரிந்தது. இந்த ஆய்வுகளைத் தொகுத்த அவருடைய நூல் 1967-ல் வந்தது. ஆண், பெண் என்பதையும் இப்படி நாள் முழுக்கச் செய்துகாட்டிக்கொண்டே இருக்கிறோம் என்று கேண்டஸ் வெஸ்ட், டான் சிம்மர்மன் இருவரும் 1987-ல் எழுதிய கட்டுரை இந்த மரபிலிருந்து வந்ததுதான்.

முகத்தைப் பிறருக்காக நடத்திக் காட்டுவதே சம்பளத்துக்கான வேலையாகிவிட்டால்? ஆர்லி ஹாக்ஷில்ட் 1983-ல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதிய நூலின் கேள்வி இது. பயிற்சியில் அவர்களிடம் விமானத்தை உங்கள் வீட்டு வரவேற்பறையாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டது. வெறும் புன்னகை போதாது, உள்ளிருந்து வர வேண்டும். இதை அவர் உணர்வு உழைப்பு என்றார். அந்த நூலில் ஒரு பயணி, ‘ஏன் சிரிக்காமல் இருக்கிறீர்கள்?’ என்று ஒரு பணிப்பெண்ணைக் கேட்கிறார். ‘முதலில் நீங்கள் சிரியுங்கள்’ என்கிறார் அவர். பயணி சிரிக்கிறார். ‘நல்லது, இதை அப்படியே 15 மணி நேரம் வைத்திருங்கள்.’ பராமரிப்பாளர், செவிலியர், அழைப்பு மைய ஊழியர் ஆகியோரின் களைப்புக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. இந்தக் கருத்து அதைக் கொடுத்தது. உடம்பு ஓய்ந்த பிறகும் போகாத களைப்பு அது.

பார்க்கப்படுவது

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோவின் 1975-ஆம் ஆண்டு நூல் இரண்டு காட்சிகளோடு தொடங்குகிறது. 1757-ல், மன்னரைக் கொல்ல முயன்ற தாமியன் என்பவரைப் பாரிஸில் மக்கள் முன்னால் சித்திரவதை செய்து கொன்றார்கள். அடுத்த காட்சி சுமார் 80 ஆண்டுகள் கழித்து வந்த இளம் கைதிகளுக்கான விதிமுறை. முதல் முரசு ஒலித்ததும் எழுந்து அமைதியாக உடுத்த வேண்டும், இரண்டாம் முரசுக்குப் படுக்கையைச் சரிசெய்ய வேண்டும், நாள் முழுவதற்கும் மணிக்கணக்கு. ரத்தம் இல்லை, கூச்சல் இல்லை. மனிதநேயம் வளர்ந்துவிட்டது என்று நாம் சொல்வோம். அதிகாரத்தின் வேலைமுறை மாறியிருக்கிறது என்றார் ஃபூக்கோ. முன்பு உடம்பை அழித்தது. இப்போது உடம்பைப் பழக்குகிறது, பட்டியலிடுகிறது, அளக்கிறது, தேர்வு வைக்கிறது.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் 1791-ல் வெளியிட்ட பனாப்டிகான் என்ற சிறைத் திட்டம் இதற்கு அவர் கண்ட படம். வட்டமாக அறைகள், நடுவில் கோபுரம். கோபுரத்திலிருந்து எல்லா அறைகளும் தெரியும், அறையிலிருந்து கோபுரத்துக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாது. காவலர் இல்லாமலே இருக்கலாம். பார்க்கப்படுகிறோமோ என்ற ஐயமே போதும், கைதி தனக்குத் தானே காவலராகிவிடுகிறார். கண்காணிப்புக் கேமரா என்றதும் எல்லாரும் ஃபூக்கோவை மேற்கோள் காட்டுவது இதனால்தான். ஆனால் என் பார்வையில் அவருடைய ஆழமான கருத்து கேமராவைப் பற்றியதில்லை. அதிகாரம் தடுப்பதோடு நிற்பதில்லை, உண்டாக்கவும் செய்கிறது என்பது அது. ‘மனநோயாளி’, ‘குற்றவாளி’, ‘இயல்பானவர்’ போன்ற வகைகளை மருத்துவமும் சட்டமும் கல்வியும் உருவாக்குகின்றன. எதை உண்மை என்று பேசலாம், யார் பேசலாம் என்பதைத் தீர்மானிக்கும் அந்தப் பேச்சொழுங்கே சொல்லாடல். அந்த வகைகளுக்குள் நின்றுதான் நாமும் நம்மைப் பற்றி யோசிக்கிறோம்.

வகைகள் சந்திக்கும் இடம்

வகைகள் என்றதும் சொல்லியே ஆக வேண்டியது கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் எழுதிய கட்டுரை. சட்ட அறிஞரான அவர் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். அந்த நிறுவனம் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. 1970-களில் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்பது விதி. 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் எல்லாரும் வேலை இழந்தார்கள். நீதிமன்றம் 1976-ல் என்ன சொன்னது? நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, எனவே பாலினப் பாகுபாடு இல்லை. ஆனால் அப்படி எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள். இனப் பாகுபாடு என்றால் தனியாக வழக்காடலாம், இரண்டையும் சேர்த்து ஒரு புது வகையை உருவாக்க முடியாது என்றது நீதிமன்றம்.

தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல, வழக்குத் தொடுத்த பெண்களுக்குச் சட்டத்தில் சொல்லே இல்லை. கிரென்ஷா ஒரு நாற்சந்தியைக் காட்டினார். வண்டிகள் நான்கு பக்கமிருந்தும் வருகின்றன. நடுவில் நிற்பவருக்கு அடிபட்டால் எந்தத் தெருவிலிருந்து வந்த வண்டி என்று ஒன்றை மட்டும் சுட்ட முடியாமல் போகலாம். இந்தக் குறுக்குவெட்டுப் பார்வையைச் சிலர் துன்பங்களின் கூட்டல் கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள். கூட்டல் இல்லை. கறுப்பின ஆணுக்கும் நேராதது, வெள்ளைப் பெண்ணுக்கும் நேராதது ஒன்று, அந்தச் சந்தியில் மட்டும் நேர்கிறது. இனம், பாலினம், வர்க்கம், சாதி, உடற்குறை எதைப் பற்றிப் பேசினாலும் ‘பெண்கள்’, ‘ஏழைகள்’ என்று மொத்தமாகச் சொல்லும்போது யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று கேட்க இது பழக்குகிறது.

இன்னும் சில பதில்கள்

மார்க் கிரனோவெட்டர் 1973-ல் சமூகத்தை உறவு வலையாகப் பார்த்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்து வந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 100-க்கு 17 பேர் அளவே. எப்போதாவது என்றவர்கள் 56, அரிதாக என்றவர்கள் 28. உயிர் நண்பர்களுக்கு உதவும் மனம் உண்டு, ஆனால் நமக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். புதிய செய்தி வேறொரு வட்டத்தில் வாழும், பெயர் அளவில் பழகியவரிடமிருந்து வருகிறது. இதுவே மெல்லிய பிணைப்புகளின் வலிமை.

ஜெர்மனியின் உல்ரிக் பெக் 1986-ல் இடர்ச் சமூகம் என்ற கருத்தை வைத்தார். செர்னோபில் அணு உலை விபத்து நடந்த ஆண்டும் அதுவே. முன்பு சமூகங்கள் செல்வத்தைப் பங்கிடுவதில் மோதிக்கொண்டன. இப்போது தொழில்வளர்ச்சியே உண்டாக்கிய ஆபத்துகளைப் பங்கிடுவதிலும் மோதுகின்றன. கதிர்வீச்சைக் கண்ணால் பார்க்க முடியாது, எல்லைக்கோட்டில் நிறுத்தவும் முடியாது. ஆபத்து இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ளவே நிபுணரை நம்ப வேண்டியிருக்கிறது. சிக்முண்ட் பௌமன் 2000-ல் திரவ நவீனம் என்றார்: வேலை, உறவு, இருப்பிடம் எதுவும் உறையும் முன்பே வடிவம் மாறிவிடுகிறது. அழகான உருவகம், ஆனால் பூர்தியூவும் ஹாக்ஷில்டும் தந்தது போன்ற நெருக்கமான கள விவரம் இதில் இல்லை.

யூர்கன் ஹாபர்மாஸ் 1981-ல் எழுதியது இவற்றில் கடினமானது. நாம் பேசிப் புரிந்துகொண்டு வாழும் பகுதியை அவர் வாழ்வுலகம் என்கிறார். பணமும் நிர்வாகமும் இயக்கும் பகுதி அமைப்பு. சந்தைக்குப் பேசி ஒத்துப்போக வேண்டியதில்லை, விலை போதும். அது சந்தைக்குள் இருக்கும் வரை சரி. குழந்தை வளர்ப்பு, கல்வி, நோயாளியைக் கவனிப்பது போல, பேசித்தான் செய்ய முடிகிற இடங்களுக்குள்ளும் விலையும் படிவமும் நுழைந்து ஆளத் தொடங்கும்போது, வாழ்வுலகம் காலனியாகிறது.

புருனோ லத்தூரின் பதில் எல்லாரையும் விட வினோதமானது. விடுதிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போங்கள் என்று மேலாளர் சொல்கிறார், எழுதி ஒட்டுகிறார், யாரும் கேட்பதில்லை. சாவியோடு ஒரு கனமான உலோகக் குண்டைக் கோத்துவிடுகிறார். எல்லாரும் திருப்பிக் கொடுக்கிறார்கள். அறிவுரையால் முடியாததைப் பையில் கனத்த இரும்பு செய்கிறது. அப்படியானால் சமூகம் மனிதர்களுக்கு இடையில் மட்டும் இல்லை, சாவியிலும் வேகத்தடையிலும் கதவிலும் மென்பொருளிலும் இருக்கிறது, இவற்றையும் செயல்படுபவர்களாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறார். கடவுச்சொல்லுக்கு இத்தனை எழுத்து வேண்டும் என்று ஒரு திரை நம்மைத் திருப்பி அனுப்பும்போது எனக்கு லத்தூர் சொன்னது நினைவுக்கு வருகிறது.

மூல நூல்களைப் படிக்க விரும்புகிறவர்கள் மில்ஸின் 1959-ஆம் ஆண்டு நூலில் முதல் அத்தியாயத்தை மட்டும் முதலில் படிக்கலாம். சில பக்கங்கள்தான். அடுத்து காஃப்மன், அவரிடம் கதை சொல்பவரின் கண் உண்டு. ஹாக்ஷில்டின் நூலையும் கிரென்ஷாவின் கட்டுரையையும் முன்படிப்பு எதுவும் இல்லாமலே பின்தொடரலாம். பூர்தியூவை ‘டிஸ்டிங்ஷன்’ நூலில் தொடங்க வேண்டாம், வாக்கியங்கள் அரைப் பக்கம் நீளும். பெயார்னின் நடன இரவிலிருந்து தொடங்குங்கள். ஹாபர்மாஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், கூடப் படிக்க ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.